பட்டுருச்சு

ஒன்பது பேர்.
பம்பாய் செஷன்ஸ் கோர்ட்டின் மரப்பெட்டிக்குள்
இரண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.
மூல்ஜி ஜேட்டா மார்க்கெட் ஜவுளிக்காரர் ஒருவர்,
ஜலதோஷத்தோடு ஒரு பாங்க் குமாஸ்தா,
தொடையில் விரலால் டைப் அடித்துக்கொண்டே இருந்த
ஒரு கோவாக்காரர்.
மற்ற முகங்கள் மறந்துபோயின.
ஐம்பத்தாறு, ஆடி. வெளியே ஓயாத மழை.

நான் ஜூரியும் இல்லை, வக்கீலும் இல்லை.
தமிழ் வாயிலிருந்து இங்கிலீஷ் காதுக்கு
நாளொன்றுக்கு ஐந்து ரூபாய்க்கு ஓடுகிற ஆள்.

கூண்டில் இசக்கிமுத்து,
தாராவித் தோல்கிடங்கில் சவ்வு சீவுகிறவன்.
செத்தவன் அங்கே மேஸ்திரி.
என்ன நடந்தது என்று கேட்டார்கள்.
ஒரே ஒரு சொல் சொன்னான்:
"பட்டுருச்சு."

யார் கை, வேண்டுமென்றா, தவறியா,
எதையும் சொல்லாமல்
முழுசாக நிற்கிற சொல்.
நம் வீடுகளில் பால் கொட்டிப்போகும்,
கண்ணாடி உடைஞ்சுபோகும்,
கொட்டினவனும் உடைத்தவனும்
வாக்கியத்துக்குள் வரமாட்டார்கள்.
இங்கிலீஷ் விடாது. யார் என்று கேட்கும்.
எழுவாய் இல்லாமல் வாசல் தாண்ட முடியாது.
ஜட்ஜ் பேனாவைத் தூக்கிப் பிடித்துக் காத்திருந்தார்.
நான் கத்தியை எழுவாயாக்கினேன்.
'கத்தி வழுக்கிப் பட்டது' என்றேன்.

'வழுக்கி' என்னுடையது.
எங்கிருந்து வந்ததென்று தெரியாது.
வாய்க்கு வாகாக இருந்தது.

வக்கீல் சொராப் கபாடியா
அதைத்தான் பொறுக்கி எடுத்தார்.

கொலையிலிருந்து அவர் தொடங்கவில்லை.
விடிகாலை நாலு மணியிலிருந்து தொடங்கினார்.
சுண்ணாம்புக் குழியில் ஊறின எருமைத் தோல்,
ஒவ்வொன்றும் ஓர் ஆள் கனம்.
இழுத்துப் போடுகிறவனின் நகக்கண் எரிச்சல்.
பாங்க் குமாஸ்தா தன் நகத்தைப் பார்த்துக்கொண்டார்.
தேதி, சட்டப் பிரிவு, டாக்டர் அளந்த ஆழம்
எல்லாவற்றையும் மேஜையிலேயே விட்டுவிட்டு
நடுவில் வந்து நின்றார்.
"குழியைச் சுற்றி எப்போதும் ஈரம்" என்றார், மெதுவாக.
அங்கியைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு
காய்ந்த தரையில்
எதையோ தாண்டுவதுபோல் ஓர் அடி வைத்தார்.

பெட்டிக்குள் சரசரவென்று சத்தம்.
ஒன்பது ஜோடிக் கால்களும் பின்னுக்கு நகர்ந்தன.
என் காலும்.

அரசுத் தரப்பு வக்கீல் அப்புறம் ஒரு மணி நேரம் பேசினார்.
எல்லாம் சரியான விஷயம்.
ஜவுளிக்காரர் கொட்டாவி விட்டார்.

எட்டுக்கு ஒன்று. குற்றவாளி அல்ல.
அந்த ஒருவர் யாரென்று சொல்லமாட்டார்கள்.
கோவாக்காரரின் விரல்கள் மட்டும்
அசையாமல் கிடந்தன.

மாடிப்படியில் இசக்கிமுத்து
என் சட்டைக் கையைப் பிடித்தான்.
"ஐயா, அன்னைக்குத் தரை ஈரமாவா கெடந்துச்சு?"
கிண்டல் இல்லை. நிஜமாகவே கேட்டான்.
குழியையே கண்ணால் பார்த்திராத நான்
ஆமாம் என்றேன்.
நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போனான்.

சாட்சிப் படிக்காசு வாங்க
மேஸ்திரி பெண்சாதி ஞானப்பூ நின்றாள்.
கட்டைவிரலில் மை தடவிக்கொண்டே சொன்னாள்:
"அந்தப் பார்சி ஐயா நல்லாச் சொன்னாரு.
பாஷை தெரியல, ஆனாலும் எனக்கே அழுகை வந்துச்சு."
பிறகு,
"அம்புட்டு நேரம் பேசினாரே,
அருளப்பன்னு ஒரு தடவகூடக் காதுல விழலியே.
பேரு எந்தப் பாஷையிலயும் பேருதான சாமி?"

செத்தவர். அந்த மனிதர். மேஸ்திரி.
மூன்று நாளும் நான்கூட
அப்படித்தான் சொல்லியிருந்தேன்.

ரசீதில் கணவர் பெயர் என்று ஒரு கோடு இருந்தது.
எழுதினேன்.
ஜன்னல் சாரலில் தாள் நனைந்திருக்கிறது,
கவனிக்கவில்லை.
மை ஊறிப் பரவி
நடுவில் இரண்டு எழுத்து கலைந்துபோச்சு.